தலைமை தாங்கும் குணம் எனக்கு இருக்கிறதா? குழுப் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திண்டுக்கல், நத்தம், வடமதுரை பக்கத்துக் கிராமங்களில் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு 16 வருடமாகப் பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். வகுப்பில் எல்லோரும் கேட்பது கணக்கு எழுதுவது எப்படி, தீர்மானம் போடுவது எப்படி, வங்கிக்கு என்னென்ன எடுத்துப்போக வேண்டும் என்பதுதான். வகுப்பு முடிந்து டீ குடிக்கும்போதோ பஸ்ஸுக்கு நிற்கும்போதோ ஒருத்தர் தனியாக வந்து மெதுவாகக் கேட்பது வேறு. "அக்கா, என்னை ஊக்குநரா இருக்கச் சொல்றாங்க. எனக்கு அதெல்லாம் வருமா?" ஊக்குநர் என்றால் குழுவை முன்னின்று நடத்துகிறவர். ஊர் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. பஸ் வந்துவிடும், நான் பாதி சொல்லியும் சொல்லாமலும் ஏறிவிடுவேன். அந்த மீதியைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

தலைமைப் பண்பு, தலைமைப் பண்புன்னு சொல்றீங்களே, அப்படின்னா என்னக்கா? பதவியா?

பதவி வேறு, இது வேறு. ஒரு குழுவில் 12 முதல் 20 பேர் இருக்கிறோம், அதில் ஊக்குநர், பிரதிநிதி என்று இரண்டு மூன்று பேர் பொறுப்பில் இருக்கிறார்கள். வங்கியில் கையெழுத்துப் போடுகிற அதிகாரம் அவர்களுக்குத் தீர்மான நோட்டில் எழுதிக் கொடுத்ததால் வந்தது, இன்னொரு தீர்மானம் போட்டால் போய்விடும். நான் சொல்வது எந்த நோட்டிலும் எழுதாமலே ஒருவரிடம் இருப்பது. கூட்டத்தில் பேச்சு முட்டிக்கொண்டு நிற்கும்போது நாலு பேர் திரும்பி ஒரு முகத்தைப் பார்ப்பார்கள் பாருங்கள், அந்த முகத்துக்காரியிடம் இருப்பது.

மதுரை அழகர்கோயில் பக்கத்துக் கிராமத்துச் சின்னப்பிள்ளை அம்மாவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். களஞ்சியம் சேமிப்புக் குழுக்களை வளர்த்தவர். ஸ்திரீ சக்தி விருது வாங்கப் போன மேடையில் அன்றைய பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. வகுப்பில் நான் சொல்வது அதற்கு முந்தைய கதையை. பள்ளிக்கூடம் போகாத அவர், குழு என்ற ஒன்று ஊருக்கு வருவதற்கு முன்பே கொத்துத் தலைவியாக இருந்தார். நடவுக்கும் அறுப்புக்கும் பெண்களைச் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போய், நிலத்துக்காரரிடம் கூலி பேசி வாங்கித் தருகிற வேலை அது. விருது கொடுக்கிறவர்கள் அவரைக் கண்டுபிடிப்பதற்கு எவ்வளவோ காலம் முன்னாலேயே, கூலி பேச யாரை முன்னால் அனுப்பலாம் என்று கூட வயலில் இறங்கிய பெண்களுக்குத் தெரிந்திருந்தது.

இது பிறவியிலேயே வர்றதா, இல்ல பழகினா வருமா?

இரண்டும்தான். அமெரிக்காவின் மினசோட்டாவில் இரட்டையர்களை வைத்துச் செய்து 2006-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. வேலையிடத்தில் யார் தலைமைப் பொறுப்புகளுக்கு வருகிறார்கள் என்பதில் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில், சுமார் 30 சதவீதம் மரபு வழியாக வந்தது என்று அதில் கணக்கிட்டார்கள். அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஆண்கள் மட்டுமே, அதனால் அந்த எண்ணை அப்படியே நமக்குப் பொருத்த நான் தயங்குவேன். ஆனால் பெரும் பங்கு பிறப்பில் இல்லை, வாழ்ந்த வாழ்க்கையில் இருக்கிறது என்பது நான் பார்த்ததோடு ஒத்துப்போகிறது.

"இயல்பா வருது" என்று நாம் சொல்வதில் பாதி, யாரும் சொல்லிக்கொடுக்காமல் சின்ன வயதிலேயே பழகிப்போனது. மூத்த பெண்ணாகப் பிறந்து, அம்மா களையெடுக்கப் போன நேரத்தில் மூன்று தம்பி தங்கைகளுக்குச் சோறு பங்கு வைத்து, யாருக்கும் குறை வராமல் சமாளித்தவளுக்குப் பங்கீடு செய்ய யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. அதற்குத் தலைமைப் பண்பு என்று ஒரு பெயர் இருப்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியாது.

சரிக்கா, எனக்குள்ள அது இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

உங்கள் மனசைக் கேட்காதீர்கள், நடந்ததைப் பாருங்கள். மனசு ஒருநாள் எல்லாம் முடியும் என்று சொல்லும், மறுநாள் ஒன்றும் முடியாது என்று சொல்லும். கடைசி ஆறு மாதத்தை எடுத்துக்கொண்டு யோசியுங்கள். உங்களைத் தேடி யார் வந்தார்கள், எதற்காக வந்தார்கள்? கைமாத்துக் கேட்டு வந்ததைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். "இப்படி ஆகிப்போச்சு, என்ன பண்ணலாம்?" என்று கேட்டு வந்தவர்களை எண்ணுங்கள். அதிலும் கெட்ட செய்தியோடு வந்தவர்களைத் தனியாக எண்ணுங்கள். இந்த மாதத் தவணை கட்ட முடியாது என்று கூட்டத்துக்கு முன்னாடியே ஒருத்தி உங்களிடம் வந்து சொல்கிறாள் என்றால், நீங்கள் அவமானப்படுத்த மாட்டீர்கள், ஊர் முழுக்கச் சொல்ல மாட்டீர்கள், ஏதாவது வழி பார்ப்பீர்கள் என்று அவள் நம்புகிறாள். இந்த மூன்றும் ஒரே ஆளிடம் இருப்பது அபூர்வம், எனக்கு இதுதான் முதல் அடையாளம்.

அடுத்தது, சிக்கல் வரும்போது உங்கள் கை எங்கே போகிறது என்பது. ஒரு கிராமத்தில் மாதக் கூட்டத்தில் பணத்தை எண்ணினால் 1,200 ரூபாய் குறைந்தது. பணம் வைத்திருந்தவளைப் பார்த்து ஆளாளுக்குச் சத்தம் போட ஆரம்பித்தார்கள், அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். மூலையில் பேரனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, "முதல்ல எல்லாரும் அவங்கவங்க பாஸ் புக்கை எடுத்து நடுவுல வைங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஒவ்வொரு புத்தகமாகப் பார்த்துக்கொண்டே வந்தால், முந்தைய மாதம் வராத இரண்டு பேருக்குச் சந்தா கட்டியதாகப் பேரேட்டில் ஏறியிருந்தது. பணம் குறையவில்லை, எழுத்து கூடியிருந்தது. அந்த அம்மா அப்போது எந்தப் பொறுப்பிலும் இல்லை. அழுதவளின் மானமும் போகாமல், குழுவும் உடையாமல் காப்பாற்றியது அந்த ஒரு வாக்கியம்.

இதைக் கூட்டத்தில்தான் பார்க்க வேண்டும் என்றில்லை. கல்யாண வீட்டில் மூன்றாம் பந்திக்குச் சோறு பத்தாது என்று தெரிந்த நிமிடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஒருத்தி பதறுவாள், ஒருத்தி சமையல்காரரைத் திட்டுவாள், ஒருத்தி பேசாமல் உலை வைக்க ஒரு ஆளை அனுப்பிவிட்டு, பந்திக்கு உட்காரப் போகிறவர்களுக்குத் தாம்பூலத் தட்டைக் காட்டிப் பத்து நிமிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பாள். உங்களை நீங்களே இப்படி நினைவுபடுத்திப் பார்த்தால் தெரியும். ஞாபகம் வரவில்லை என்றால் ஒரு மாதம் ராத்திரி படுக்கும் முன் இரண்டு வரி எழுதி வையுங்கள்: இன்று யார் என்னிடம் என்ன கேட்டார்கள், நான் என்ன செய்தேன். மாதக் கடைசியில் சேர்த்துப் படித்தால் நீங்களே எதிர்பாராத ஒன்று அதில் இருக்கும்.

நான் அதிகம் பேச மாட்டேன். வாயுள்ள பிள்ளைதானேக்கா பிழைக்கும்?

பிழைக்கும், முதல் இரண்டு மூன்று கூட்டத்துக்கு. முன்பின் பழக்கமில்லாதவர்களை ஒன்றாக உட்கார வைத்துச் செய்த ஆய்வுகளில், அதிக நேரம் பேசியவரையே மற்றவர்கள் தலைவராக நினைத்தார்கள் என்று வந்திருக்கிறது. புதுக் குழு ஆரம்பிக்கும்போது நான் கண்ணால் காண்பதும் அதுதான். கை தூக்கச் சொன்னால் பலமாகப் பேசியவளுக்கே எல்லாக் கையும் போகும்.

ஆனால் நம் குழு ஒருநாள் கூட்டம் இல்லை. மாதா மாதம், வருடக்கணக்கில், அதே முகங்கள். ஒரு வருடம் போனால் யார் பேசினார்கள் என்பது மறந்துபோகும், யார் சொன்னது நடந்தது என்பதுதான் நிற்கும். பேச்சுக் குறைவானவர்களிடம் நான் கவனிப்பது, கேட்கும்போது அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை. வாயைத் திறக்காமல் இருந்துவிட்டுக் கடைசியில், "தனம் ஏதோ சொல்ல வந்துச்சு, பாதியில நிறுத்திருச்சு, அதையும் கேட்போமே" என்று சொல்கிறவர் இருந்தால் அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை நான் பொறுப்பில் போடுவேன். கூட்டத்தில் கேட்கிற அளவுக்குக் குரல் வேண்டும், அது உண்மை. அந்த அளவு குரலைப் பழக்கத்தில் கொண்டுவந்துவிடலாம்.

எட்டாவதுதான் படிச்சிருக்கேன். வரவு செலவு எழுத வராது. நான் எப்படி?

கணக்கு எழுதுவதற்கு வேறு ஆளை வைத்துக்கொள்ளலாம், எத்தனையோ குழுவில் அப்படித்தான் நடக்கிறது. சின்னப்பிள்ளை அம்மா எழுத்துக் கற்காமல் இவ்வளவு செய்ததை மேலே சொல்லியிருக்கிறேன். உங்களுக்குக் கட்டாயம் வேண்டியது, எழுதியதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, கையில் இருக்கும் பணத்தோடு ஒத்துப்பார்க்கிற பிடிவாதம். "எனக்குத் தெரியாது, நீங்களே பாத்துக்கங்க" என்று பேரேட்டைத் தள்ளிவிடுகிற பழக்கம் இருந்தால், படிப்பு குறைவு என்பதைவிட அது பெரிய குறை.

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். கல் உடைக்கும் கூலிகளாக இருந்த பெண்கள் சேர்ந்து குவாரியைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியதும் அதே மாவட்டத்தில், அதே காலத்தில்தான். சைக்கிள் ஓட்டத் தெரிந்ததும் பக்கத்து வீட்டுக்காரியை உட்கார வைத்துப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிய பெண்களைப் பற்றி அந்தப் பக்கத்து மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். தனக்கு நேற்று வந்ததை இன்று இன்னொருத்திக்குக் கொடுக்கத் தோன்றினால், அதைச் சான்றிதழை விடப் பெரிதாக நான் மதிக்கிறேன்.

எல்லா வேலையும் என் தலையிலதான் விழுது. பேங்க்குக்கு நான், ஜெராக்ஸுக்கு நான், ஆள் கூப்பிட நான். அப்ப நான்தானே தலைவி?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் களைத்துப்போய்க் கேட்கிறார்கள், அதனால் பதிலைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களிடம் பொறுப்புணர்ச்சி நிறைய இருக்கிறது, அது தலைமைக்குத் தேவையான பாதி. மீதிப் பாதி, வேலையை இன்னொருத்தர் கையில் கொடுத்துவிட்டு, அவர் நம்மைவிடச் சுமாராகச் செய்தாலும் பொறுத்துக்கொள்வது.

சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. மகள் பிரசவத்துக்கு ஒரு மாதம் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது கூட்டம் நடந்து, சந்தா வாங்கி, வங்கியில் கட்டியிருந்தால் நீங்கள் இதுவரை ஆட்களைத் தயார் செய்திருக்கிறீர்கள். "நீ இல்லாம ஒண்ணுமே நடக்கலடி" என்று சொன்னால், அதைக் கேட்க இனிமையாகத்தான் இருக்கும், ஆனாலும் அன்று கொஞ்சம் கவலைப்படுங்கள். அடுத்த மாதம் வங்கிக்குப் போகும்போது இதுவரை வராத ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போங்கள். அதற்கு அடுத்த மாதம் சலானை அவளையே எழுதச் சொல்லுங்கள்.

எனக்குக் கோபம் வரும். ஆனா கோபப்பட்டாத்தான் வேலை நடக்குது.

எதன் மேல் கோபம் வருகிறது என்று பாருங்கள். ஒருத்தி தவணையை வேண்டுமென்றே இழுத்தடிப்பதால் அவசரத்துக்குக் கடன் கேட்ட இன்னொருத்திக்குக் கிடைக்காமல் போகிறது என்பதற்காக வருகிற கோபம், குழுவுக்காக வருவது. அது நல்லதுதான். "என்னைக் கேக்காம எப்படி முடிவெடுத்தீங்க?" என்று வருகிற கோபம் வேறு வகை, அது அடிக்கடி வந்தால் ஆட்கள் உங்களிடம் கெட்ட செய்தி சொல்வதை நிறுத்திவிடுவார்கள். மூன்றாவது கேள்வியில் சொன்ன முதல் அடையாளமே போய்விடும்.

எல்லாருக்கும் என்னைப் பிடிக்கும், யாரையும் நான் பகைச்சுக்க மாட்டேன். அது போதாதா?

போதாது. இதை நான் இனிமையாகச் சொல்லப் பார்த்து எத்தனையோ தடவை தோற்றிருக்கிறேன், அதனால் நேராகவே எழுதிவிடுகிறேன். உங்கள் உயிர்த்தோழி குழுச் சேமிப்பிலிருந்து உள்கடன் வாங்கியதில் பாதியைக்கூடத் திருப்பவில்லை, மறுபடி 10,000 கேட்கிறாள். அதே மாதம், அதிகம் பழக்கமில்லாத ஒருத்தி பிள்ளையின் காலேஜ் ஃபீஸுக்கு முதல் தடவையாகக் கேட்கிறாள். பணம் ஒருத்திக்குத்தான் இருக்கிறது. தோழியைப் பார்த்து "இப்ப உனக்கு இல்ல" என்று சொல்லி, சொன்ன பிறகும் அவளோடு பேச்சு விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள உங்களால் முடியுமா? இப்படி ஒன்றை நீங்கள் ஏற்கெனவே ஒரு தடவையாவது செய்திருந்தால் உங்களிடம் அது இருக்கிறது. எப்போதும் நழுவியே வந்திருக்கிறீர்கள் என்றால், எல்லோருக்கும் உங்களைப் பிடிப்பதற்குக் காரணமே அந்த நழுவலாக இருக்கலாம்.

மைக்ரோ ஃபைனான்ஸ் குழுவுல என்னைத்தான் லீடர் போட்டிருக்காங்க. அப்ப அந்தக் குணம் இருக்குன்னுதானே அர்த்தம்?

கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஊரில் இரண்டையும் "குழு" என்றே சொல்கிறோம். சுய உதவிக் குழு நாமே சேமித்து, நாமே கூடிப்பேசி, யாருக்குக் கடன் என்று நாமே முடிவு செய்வது. தமிழ்நாட்டில் இது 1989-ல் தருமபுரியில் தொடங்கியது. குழுக்களை வங்கிக் கடனோடு இணைக்கும் திட்டத்தை, ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு 1992-ல் நாடு முழுவதும் 500 குழுக்களோடு சோதனையாக ஆரம்பித்தது. தனியார் நிதி நிறுவனங்கள் கொடுக்கும் குழுக் கடனில் அப்படி முடிவெடுக்க ஒன்றும் இல்லை. கடனும் தவணையும் அவர்கள் வைத்தது, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் ஐந்து பத்துப் பேராகச் சேர்க்கிறார்கள்.

அங்கே லீடர் என்றால் பெரும்பாலும் தெருவில் எல்லோரையும் தெரிந்தவர், போன் எடுப்பவர், வசூல் நாளில் வீட்டில் இடம் கொடுப்பவர். உங்களை நாலு பேர் மதிக்கிறார்கள் என்பதற்கு அது ஓர் அடையாளம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்களைத் தேர்ந்தெடுத்தது யார் என்று யோசியுங்கள். கூட உட்காரும் பெண்களா, கடன் கொடுக்க வந்தவரா? பணம் கட்ட முடியாதவள் வீட்டு வாசலில் நிற்கும் நாளில் நீங்கள் யார் பக்கம் நிற்கிறீர்கள் என்பதையும் யோசியுங்கள்.

பேங்க் மேனேஜர் முன்னாடி நின்னா கை நடுங்குது. பயப்படுறவ எப்படித் தலைவி ஆக முடியும்?

நடுங்குகிற கையோடு போய்விட்டு வருகிறீர்களா, இல்லை போகாமலே இருந்துவிடுகிறீர்களா? போய்விட்டு வருகிறீர்கள் என்றால் இதைப் பற்றி இதற்கு மேல் யோசிக்காதீர்கள். கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கூட ஒருத்தியை அழைத்துப் போங்கள். பத்தாவது தடவைக்குள் நடுக்கம் போய்விடும்.

எங்க வீட்டுக்காரர் "நீ பேரு குடு, நான் பாத்துக்கிறேன்"ங்கிறார். பொறுப்பு எடுத்துக்கலாமா?

அந்த ஏற்பாட்டோடு எடுக்காதீர்கள். 73-வது அரசியல் சட்டத் திருத்தம் உள்ளாட்சியில் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பெண்களுக்குக் கொடுத்தது, தமிழ்நாட்டில் 2016-ல் அதைப் பாதியாக உயர்த்தினார்கள். ஆனாலும் தலைவர் பெயரில் மனைவி, நாற்காலியில் கணவர் என்று எத்தனை ஊராட்சி அலுவலகத்தில் பார்த்திருக்கிறோம்! குழுவில் அது நடந்தால் பெண்கள் பேசுவதற்கு இருக்கிற ஒரே இடமும் போய்விடும். ஆண் ஒருவர் கதவோரம் நின்றாலே உள்ளே பாதிப் பேச்சு நின்றுவிடுகிறது.

வீட்டுக்காரர் உதவுவதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வண்டியில் கொண்டுபோய் விடட்டும், அன்றைக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும், விண்ணப்பத்தில் எழுத்துப்பிழை இருந்தால் சொல்லட்டும். கையெழுத்தும் முடிவும் உங்களுடையது. "எனக்கு முடிவெடுக்க வருமா" என்ற சந்தேகமே பலருக்கு வீட்டில் அதற்கு இடம் கிடைக்காததால் வந்தது. சில மாதம் குழுவில் முடிவெடுத்துப் பாருங்கள், அதற்குப் பிறகு அந்தச் சந்தேகத்தைப் பற்றிப் பேசலாம்.

நாங்க இருக்கிறது வேற தெரு. இவங்க எங்க பேச்சை எல்லாம் எடுப்பாங்களா அக்கா?

"வேற தெரு" என்றால் என்ன என்று இந்த ஊர்களில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இந்தக் கேள்விக்கு "திறமை இருந்தால் தானாக மதிப்பார்கள்" என்று நான் பதில் சொன்னால் அது பொய். சாதி பார்த்துக் காது கொடுக்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்கவில்லை என்பதால் உங்களிடம் அந்தக் குணம் இல்லை என்று ஆகிவிடாது, இதை முதலில் மனசில் நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்றாவது கேள்வியில் சொன்ன கணக்கை எடுக்கும்போது உங்கள் தெருப் பெண்களையும் சேர்த்து எண்ணுங்கள். கூட்டத்தில் உங்கள் பேச்சை எடுக்காதவர்கள், ஆஸ்பத்திரிக்கு எந்த அட்டை கொண்டுபோக வேண்டும் என்று பொழுது சாய்ந்த பிறகு உங்களிடம் வந்து கேட்கிறார்களா என்றும் பாருங்கள். நான் பார்த்த வரை கேட்கிறார்கள்.

குழு நடைமுறையில் ஒன்று உதவுகிறது: கூட்டம் நடக்கும் இடத்தைச் சுழற்சியில் வைப்பது. ஒரு மாதம் அந்தத் தெரு, ஒரு மாதம் இந்தத் தெரு. இதைத் தீர்மானமாக எழுதிக்கொண்ட குழுக்களில் முதல் சில மாதம் ஆள் குறைந்தது, சண்டையும் வந்தது. ஒரு குழு உடைந்தே போனது. நின்ற குழுக்களில் இரண்டு வருடத்தில் உங்களைப் போல "வேற தெரு"வில் இருக்கிறவர்களிலிருந்தும் பிரதிநிதி வந்தார். இந்தச் சுழற்சியை, இப்போது பொறுப்பில் இருக்கிற அந்தப் பக்கத்துத் தெருப் பெண்கள்தான் முன்மொழிய வேண்டும், அந்தச் சுமையையும் உங்கள் தலையில் ஏற்றுவது நியாயமில்லை.

ஒரு தடவை பெரிய தப்புப் பண்ணிட்டேன். இனி எனக்கு அந்த யோக்கியதை உண்டா?

தப்புக்கு அடுத்த நாள் என்ன செய்தீர்கள் என்பதை வைத்துத்தான் நான் பார்ப்பேன். என் கதையைச் சொல்கிறேன். பயிற்சி கொடுக்க ஆரம்பித்த இரண்டாவது வருடம், ஒரு குழுவில் பளிச்சென்று பேசிய பெண்ணைப் பார்த்து மயங்கி, "இவங்களை ஊக்குநராப் போடுங்க" என்று நானே எடுத்துச் சொன்னேன். என் பேச்சுக்கு மரியாதை கொடுத்துப் போட்டார்கள். எட்டு மாதத்தில் நாலு பேர் விலகிவிட்டார்கள், காரணம் அவருடைய கடுமை. நான் அந்த ஊருக்கே போய், தேர்வு செய்ய வேண்டியது நீங்கள், நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். சொல்லப் போகும்போது இனி யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அந்தக் குழு இன்றும் என்னைக் கூப்பிடுகிறது. அதற்குப் பிறகு யாரை நியமிக்கலாம் என்று கேட்டால் நான் பெயர் சொல்வதில்லை.

உங்கள் தப்புப் பணம் சம்பந்தப்பட்டது என்றால், தெரியாமல் நடந்ததா, தெரிந்து எடுத்ததா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். தெரிந்து எடுத்திருந்தால் முதலில் திருப்பிக் கட்டுங்கள், பொறுப்பைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

எனக்கு இருக்குன்னு நானா நினைச்சுக்கிறேனோ? எப்படித் தெரிஞ்சுக்கிறது?

இந்தச் சந்தேகம் வருகிறவர்களை எனக்குப் பிடிக்கும். மூன்றாவது கேள்வியில் சொன்னது நீங்களே எடுக்கும் கணக்கு, அதில் உங்களுக்குச் சாதகமாக எழுதிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. அதனால் வெளியே இரண்டு பேரைக் கேளுங்கள். ஒருத்தி உங்களை நன்றாகத் தெரிந்தவள். இன்னொருத்தி உங்களோடு ஒருமுறையாவது மனஸ்தாபப்பட்டவள், இரண்டாமவள்தான் முக்கியம்.

"நான் எப்படிப்பட்டவள்?" என்று கேட்டால் நல்லவிதமாகச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பதில், "நான் செஞ்சதுல உனக்கு உதவியா இருந்த ஒண்ணைச் சொல்லு, உனக்குக் கஷ்டமா இருந்த ஒண்ணைச் சொல்லு" என்று கேளுங்கள். சொல்லும்போது குறுக்கே விளக்கம் கொடுக்காதீர்கள். இதைச் செய்து பார்த்தவர்கள் சொல்வது, பதிலைவிட அந்தப் பத்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருந்ததுதான் கஷ்டமாக இருந்தது என்று. அப்படி இருக்க முடிந்ததா என்பதும் உங்களைப் பற்றி உங்களுக்கு ஒன்றைச் சொல்லும்.

தகுதி இருக்குன்னு தெரியுது. ஆனா எனக்கு வேணாம்க்கா. அது தப்பா?

தப்பே இல்லை. மாமியார் படுக்கையில், மூன்று வேளை மாடு, நடுவில் நூறு நாள் வேலை என்று இருக்கிறவளிடம் குணம் இருக்கிறது என்பதற்காகப் பொறுப்பையும் சுமத்துவதை நான் ஏற்க மாட்டேன். பொறுப்பில் இல்லாமலே நீங்கள் செய்கிறது குழுவுக்குக் கிடைத்துக்கொண்டுதான் இருக்கும், பாஸ் புக்கை நடுவில் வைக்கச் சொன்ன அம்மாவைப் போல. ஒன்று மட்டும் உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள்: நேரமில்லை என்பதால் வேண்டாமா, ஏதாவது சொல்வார்களே என்பதால் வேண்டாமா? இரண்டாவது என்றால் ஒரு வருடத்துக்கு இரண்டாவது பிரதிநிதியாக இருந்து பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம்.

பத்து வருஷமா ஒரே ஆள்தான் ஊக்குநர். நல்லவங்கதான். நான் எப்படி முன்னாடி வர்றது?

பொறுப்பாளர்களை அவ்வப்போது சுழற்சியில் மாற்ற வேண்டும் என்று எல்லாப் பயிற்சியிலும் சொல்கிறோம், பாதிக் குழுக்களில் நடப்பதில்லை. காரணம் பெரும்பாலும் பேராசை கிடையாது. பழகிவிட்டது, வங்கியில் கையெழுத்து மாற்ற அலைய வேண்டும், யாரும் கேட்கவில்லை. அவர் நல்லவர் என்றால் அவரிடமே முதலில் போய்ப் பேசுங்கள். கூட்டத்தில் திடீரென்று எழுப்பினால் அவர் புண்பட்டுப் போவார், குழு இரண்டாகும். "அக்கா, அடுத்த மூணு மாசம் பேங்க் வேலையை நான் பாக்குறேன், நீங்க கூட இருந்து சொல்லிக் குடுங்க" என்று கேளுங்கள். அவர் என்ன சொல்கிறார் என்பதில் அவருடைய தலைமையும் தெரிந்துவிடும்.

இதைப் பத்து வருடமாக இருக்கிற அந்த அக்கா படிக்கிறார் என்றால், உங்களுக்கும் ஒரு வரி. உங்கள் குழுவில் கெட்ட செய்தியை மற்றவர்கள் யாரிடம் முதலில் சொல்கிறார்கள் என்று பாருங்கள், அடுத்த ஊக்குநர் அவர்தான்.

வார்டு தேர்தல்ல நிக்கச் சொல்றாங்க. குழுவை நடத்தினவளுக்கு ஊரை நடத்த வருமா?

குழுவிலிருந்து உள்ளாட்சிக்கு வந்த பெண்கள் நிறைய இருக்கிறார்கள், நன்றாகச் செய்தவர்களையும் திணறியவர்களையும் பார்த்திருக்கிறேன். குழுவில் 15 பேரும் உங்களை நம்பி வந்தவர்கள், எல்லோருக்கும் ஒரே நலன். வார்டில் உங்களுக்கு ஓட்டுப் போடாதவனுக்கும் தண்ணீர் விட வேண்டும், குழாயை உடைத்தவனிடமும் பேச வேண்டும், காண்ட்ராக்டர் கொண்டுவரும் கவரைத் திருப்பி அனுப்ப வேண்டும். "எல்லாருக்கும் பிடிக்கும்" கேள்விக்குச் சொன்ன பதில் இங்கே நூறு மடங்காகும். நிற்கச் சொல்கிறவர்கள் யார் என்றும் பாருங்கள். உங்கள் குழுப் பெண்களா, இல்லை ஒதுக்கீட்டு வார்டுக்குப் பெயர் தேடுகிற யாரோவா? வீட்டுக்காரர் கேள்வியில் சொன்ன ஆபத்து அவர்களிடமும் உண்டு.

முடிவெடுப்பதற்கு முன் கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நாலு நாள் நடந்துகொண்டிருந்தது, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் சேர்ந்து ஆறாகியிருக்கிறது. உங்கள் தெருவுக்கு வேண்டிய ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள், கழுவாத தண்ணீர்த் தொட்டி என்றால் அது. எழுந்து கேளுங்கள், தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள், தொட்டி கழுவும் வரை அலுவலகத்துக்கு நடங்கள். அடுத்த கிராம சபைக்கு நீங்கள் கூப்பிடாமலே உங்களோடு எத்தனை பேர் கிளம்பி வருகிறார்கள் என்று எண்ணிவிட்டு எனக்கு போன் பண்ணுங்கள், வேட்புமனுவைப் பற்றி அப்போது பேசலாம்.